கருவுற்ற மாணவியைப் பள்ளியிலேயே தக்கவைப்பது எப்படி: கடலூர், புதுச்சேரி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாணவி ஒருத்தி கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி பள்ளிக்கு எட்டியதும் பெரும்பாலும் நடப்பது ஒன்றே. மறுநாள் காலையில் பெற்றோர் தலைமையாசிரியர் அறைக்கு வருகிறார்கள், உட்காரச் சொன்னாலும் உட்காராமல், தரையைப் பார்த்தபடியே, "டி.சி. குடுத்துடுங்க சார், நாங்க வேற எங்கியாவது சேத்துக்குறோம்" என்கிறார்கள். பள்ளியும் தொல்லை விட்டது என்ற நிம்மதியில் மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திட்டு, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் அவள் பெயரை, எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிடுகிறது. அங்கிருந்து அவளை எடுத்துக்கொள்ள அநேகமாக எந்தப் பள்ளியும் முன்வருவதில்லை. கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்காக எழுதப்படும் இந்த வழிகாட்டி, அந்தக் கையெழுத்தை எப்படித் தவிர்ப்பது, தவிர்த்த பிறகு அவளை எப்படிப் படிக்க வைப்பது என்பதைப் பற்றியது.

மாற்றுச் சான்றிதழைப் பொறுத்தவரை முதலில் தெளிவாக இருக்க வேண்டியது பள்ளிதான். கருவுற்றிருப்பதையோ திருமணமானதையோ காரணமாகக் காட்டி ஒரு மாணவியை நீக்கலாம் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்றே அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்தச் சட்டத்தின் கை நீளாவிட்டாலும், நீக்குவதற்கான உரிமையைப் பள்ளி தானாக எடுத்துக்கொள்ள முடியாது. பெற்றோரே கேட்டாலும், "இப்போதைக்கு மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுங்கள், சான்றிதழைப் பற்றி ஒரு மாதம் கழித்துப் பேசலாம்" என்று தள்ளிவைப்பதே நல்லது. இதற்கு வலுவான காரணமொன்றையும் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லலாம். தமிழக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகள் உயர்கல்விக்குச் செல்லும்போது மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம், இடையில் தனியார் பள்ளிக்கு மாறுபவர்களுக்குக் கிடைக்காமல் போகலாம். அவமானத்தைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு தந்தை, மகளுக்கு இன்னும் கல்லூரி உண்டு என்பதை அந்தப் பேச்சின் வழியாகத்தான் முதன்முறையாக நினைத்துப் பார்ப்பார்.

முதல் உரையாடல்

செய்தி பல வழிகளில் வரும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பெண் மயங்கி விழுகிறாள். உடற்கல்வி ஆசிரியைக்குச் சந்தேகம் எழுகிறது. தோழி ஒருத்தி அழுதுகொண்டே வந்து சொல்கிறாள். எப்படி வந்தாலும், அவளிடம் பேச வேண்டியவர் ஒரே ஒருவர். அவள் நம்பும் ஓர் ஆசிரியை. தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என நால்வர் சூழ நிற்க ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை விசாரிப்பது கொடுமை. பிற்பாடு நீதிமன்றத்தில் அவள் தரும் வாக்குமூலத்தையும் அது குலைத்துவிடக் கூடும். சிறுநீர்ப் பரிசோதனை அட்டையை வாங்கிக் கொடுத்துப் பள்ளிக் கழிப்பறைக்கு அனுப்புவதையும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். பரிசோதனை மருத்துவமனையில் நடக்க வேண்டியது.

பேச்சை உடல்நலத்திலிருந்து தொடங்குங்கள். "உடம்பு எப்படிம்மா இருக்கு? வயித்து வலி, ரத்தப்போக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்கலாம். அடுத்து, "வீட்டுக்குப் போனா யாராவது அடிப்பாங்களா, பயமா இருக்கா?" என்று கேளுங்கள். மூன்றாவதாக, "வீட்ல யாருகிட்ட முதல்ல சொல்லணும்னு நெனைக்கிற?" என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கு மேல் கேட்க வேண்டியதில்லை. யார், எங்கே, எத்தனை முறை என்ற கேள்விகள் காவல்துறைக்கும் மருத்துவருக்கும் உரியவை. அவளாகவே சொன்னால் குறுக்கிடாமல் கேட்டு, அவள் சொன்ன சொற்களிலேயே, நாளும் நேரமும் குறித்து எழுதி, உறையிலிட்டுத் தலைமையாசிரியரின் பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. அவளுக்குத் தரக்கூடிய உறுதி வேறொன்று உண்டு. "இதை நான் சிலர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்மா. ஆனா யாருகிட்ட, எதுக்குன்னு உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று சொல்லி, அதன்படியே நடந்துகொள்ளுங்கள். பெரியவர்கள் யாரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றாத ஒரு சூழலில் இருக்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதை ஆலோசனைப் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன்.

வீட்டிலிருப்பவரே குற்றம் செய்தவராக இருக்கலாம் என்ற சிறு ஐயம் எழுந்தாலும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவைத்து, நேராக 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். பையன் வேறு சாதியைச் சேர்ந்தவன் என்று தெரிந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும். நம் வட்டாரத்தில் சாதி கடந்த உறவுக்காகப் பிள்ளைகளைக் கொன்ற குடும்பங்கள் உண்டு. அந்த ஆபத்தைப் பேசத் தயங்கி, மாலையில் அவளை வழக்கம்போல் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

காவல்துறைக்குத் தெரிவிப்பது

பதினெட்டு வயது நிறையாத பெண் கருவுற்றால், அது காதலில் நேர்ந்ததா, கட்டாயத்தில் நேர்ந்ததா, திருமணத்திற்குப் பின் நேர்ந்ததா என்ற வேறுபாடின்றி பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். பதினெட்டுக்குக் குறைந்த மனைவியுடன் உறவு கொள்வதும் வன்புணர்ச்சியே என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்திருக்கிறது. இத்தகைய குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. தமக்குக் கீழ்ப் பணிபுரியும் ஒருவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் அது ஓராண்டு வரை நீளும். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர்மீது எந்த வழக்கும் தொடர முடியாது என்று அதே பிரிவு பாதுகாப்பும் தருகிறது. தயங்கும் தலைமையாசிரியர்களுக்கு இந்தக் கடைசி வரியைக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள்.

தகவல் தருவது பள்ளியின் கடமை என்றாலும், அது எவ்வாறு நடக்கிறது என்பதில்தான் அந்தப் பெண்ணின் படிப்பு தங்கியிருக்கிறது. சீருடை அணிந்த காவலர்கள் ஜீப்பில் வந்து வகுப்பறை வாசலில் அவள் பெயரைச் சொல்லி அழைத்தால், மறுநாள் அவள் பள்ளிக்கு வரப்போவதில்லை. அப்படி நடக்கத் தேவையே இல்லை. குழந்தையின் வாக்குமூலத்தை அவளது வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றிப் பதிவுசெய்ய வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. இரவில் எக்காரணம் கொண்டும் அவளைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அவள் நம்பும் ஒருவர் உடனிருக்கலாம். அந்த ஒருவர் ஆசிரியையாகவும் இருக்கலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் பேசும்போதே இவற்றைப் பணிவாக, ஆனால் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்து மூலமான தகவலில் மாணவியின் பெயர், வயது, பள்ளிக்குத் தெரியவந்த விதம், தெரிந்த நேரம் ஆகியவை போதும். உங்கள் ஊகங்கள் அதில் வேண்டாம்.

காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் குழு நினைத்தால் வழக்கின்போது உடனிருந்து உதவ அவளுக்கு ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குப் பணம் வழங்கவும் பரிந்துரைக்கலாம். கேட்காவிட்டால் இது பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதால், குழுவின் முன் செல்லும் நாளில் தலைமையாசிரியர் ஒரு கடிதம் கொடுத்தனுப்ப வேண்டும்: "இம்மாணவி எம் பள்ளியில் தொடர்ந்து படிக்க இடமுண்டு, அவளது பெயர் பதிவேட்டில் உள்ளது, தேர்வு நாட்கள் இவை, விசாரணை நாட்களை அதற்கேற்ப அமைக்க வேண்டுகிறோம்." ஒரே பக்கக் கடிதம்தான். ஆனால் அவளைக் காப்பகத்துக்கு அனுப்புவதா, வீட்டிலேயே இருக்கவிடுவதா என்று குழு முடிவெடுக்கும்போது, பள்ளி கைவிடவில்லை என்பதற்கான சான்று அதுவே.

ஊர்ப் பெரியவர்கள் கூடி, "ரெண்டு பேருக்கும் கட்டி வச்சுடலாம், கேஸ் எதுக்கு" என்று பேசும் இடத்துக்கு ஆசிரியர் யாரும் சமாதானம் பேசப் போகக் கூடாது. அந்தத் திருமணம் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி இன்னொரு குற்றம். அதை நடத்தியவர்களும் துணைபோனவர்களும் தண்டனைக்குரியவர்கள். தமிழகத்தில் மாவட்ட சமூக நல அலுவலரே குழந்தைத் திருமணத் தடை அலுவலர். நாள் குறித்துவிட்டார்கள் என்று காதில் விழுந்ததுமே அவருக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே திருமணம் நடந்துவிட்டிருந்தால், அவள் பதினெட்டு நிறைந்து இரண்டாண்டுகள் வரை அதைச் செல்லாததாக்கக் கோரலாம். அப்போதும் அவளுக்குப் பிறந்த குழந்தை சட்டப்படி முறையான குழந்தையே.

குற்றம் சாட்டப்பட்ட பையனும் அதே பள்ளியில், பதினெட்டுக்குக் குறைந்தவனாக இருந்தால் அவனது வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குச் செல்லும். அவனது படிப்பும் நின்றுவிடக் கூடாது. ஆனால் இருவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்காதீர்கள்.

எல்லையைத் தாண்டும் வழக்குகள்

மற்ற மாவட்டத்துக்காரர்களுக்குப் புரியாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்துப் பெண்கள் கடலூரில் படிக்கிறார்கள். ரெட்டிச்சாவடிப் பெண்கள் புதுச்சேரிக்குப் போகிறார்கள். பேறுகாலச் சிக்கல் என்றால் இரு பக்கத்தாரும் கோரிமேடு ஜிப்மருக்குத்தான் ஓடுகிறார்கள். சம்பவம் ஓரிடத்தில், வீடு ஓரிடத்தில், பள்ளி ஓரிடத்தில் என்றாகும்போது, "இது எங்க லிமிட் இல்ல" என்ற பதிலோடு குடும்பம் எல்லையிலுள்ள முள்ளோடைக்கு இப்புறமும் அப்புறமும் அலைய நேர்கிறது. எந்தக் காவல் நிலையமும், சம்பவம் தன் எல்லைக்குள் நடக்கவில்லை என்றாலும், தகவலைப் பதிவுசெய்து பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றலாம் என்பதை 2024 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா எழுத்திலேயே உறுதிசெய்திருக்கிறது. குழந்தைகள் நலக் குழுவும் வழக்கை அவள் வசிக்கும் மாவட்டக் குழுவுக்கு மாற்றலாம். ஆகவே அருகிலுள்ள நிலையத்தில் முதலில் பதிவுசெய்யுங்கள். எந்தப் பக்கம் என்ற விவாதத்தை அதிகாரிகளிடம் விட்டுவிடுங்கள்.

மருத்துவமனையில்

முதல் பரிசோதனைக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறாளோ அவ்வளவு வழிகள் அவள் முன் திறந்திருக்கும். கர்ப்பத்தைத் தொடர்வதா, கலைப்பதா என்பது அவளும் பெற்றோரும் மருத்துவரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு. ஆசிரியர் இதில் கருத்துச் சொல்லக் கூடாது, காலக்கெடுவை மட்டும் அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்து வேண்டும். பதினெட்டு நிறையாதவர்களும் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களும் இந்தச் சலுகைக்குரியவர்கள். 24 வாரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும். தமிழகத்துக்கும் புதுச்சேரிக்கும் அது சென்னை உயர் நீதிமன்றமே. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இதற்கு இலவச வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும். பதினெட்டுக்குக் குறைந்தவளுக்குப் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் கட்டாயம் தேவை. மாதவிடாய் நின்று நான்கு மாதமாகியும் வெட்கத்தால் வாய் திறக்காத பெண்களே அதிகம் என்பதால், "அடுத்த வாரம் லீவுல போலாம்" என்று பெற்றோர் தள்ளிப்போட்டால் அந்த ஒரு வாரத்தின் விலையை அவர்களுக்குப் புரியவையுங்கள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தும், நாட்டு மருந்து கொடுத்தும் கலைக்க முயல்வது உயிருக்கே ஆபத்து. தாங்க முடியாத வயிற்று வலியோ இரத்தப்போக்கோ இருந்தால், என்ன சாப்பிட்டாள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கருக்கலைப்புக்கு வரும் பெண்ணின் பெயரையும் அடையாளத்தையும் காவல்துறைத் தகவலில் குறிப்பிட வேண்டாம் என்று அவளும் பாதுகாவலரும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம் என 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்த விலக்கு மருத்துவருக்கே உரியது, ஆசிரியருக்கு அல்ல.

கர்ப்பத்தைத் தொடர்வதென்றால், அது மிகுந்த கவனிப்பு தேவைப்படும் கர்ப்பம் என்பதை எல்லாரும் உணர வேண்டும். இருபதுக்குக் கீழ்ப்பட்ட தாய்மாருக்குப் பேறுகால வலிப்பும் நோய்த்தொற்றும் வரும் வாய்ப்பு அதிகம். குழந்தை குறைமாதத்திலும் குறைந்த எடையிலும் பிறக்கும் வாய்ப்பும் அதிகம். கடலூரில் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, ஜிப்மர் ஆகியவை இத்தகைய பேறுகளைக் கையாளக் கூடியவை. தமிழகப் பகுதியில் கிராம சுகாதார செவிலியர் மூலம் கர்ப்பத்தைப் பதிவுசெய்து பிக்மி எண் பெற வேண்டும். குழந்தையின் பிறப்பைப் பதிவுசெய்யும்போது அதைக் கேட்பார்கள். செவிலியரிடம் பதிவுசெய்தால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று தாய்மார்கள் அஞ்சுவதுண்டு. அவர்களோடு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், வீட்டுக்கு வரும் நேரத்தையும் விதத்தையும் பேசி முடிவுசெய்துகொள்வது அந்த அச்சத்தைத் தணிக்கும்.

வகுப்பறையில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை அவளுக்குப் போதாது. கர்ப்பிணிக்கு மருத்துவர் தினமும் ஒரு மாத்திரை தருவார். அதை மதிய உணவுக்குப் பின் விழுங்க நேரம் கொடுங்கள். டீ, காப்பி, பால் ஆகியவற்றோடு விழுங்க வேண்டாம், சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் அதோடு சேர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குடற்புழு நீக்க நாளில் வகுப்பு முழுவதற்கும் அல்பெண்டசோல் கொடுத்து, கண்முன்னே மெல்லச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அந்த மாத்திரை கூடாது. மாத்திரை வழங்கும் பொறுப்பாசிரியரிடம் காரணம் சொல்லாமல், "அவளுக்கு டாக்டர் வேற மருந்து குடுத்திருக்காரு" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், எல்லார் முன்னாலும் மறுக்க வேண்டிய நிலை அவளுக்கு வராது.

கதவருகே, சாய்மானமுள்ள இருக்கை கொடுங்கள். அனுமதி கேட்காமல் கழிப்பறைக்குச் செல்லலாம் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லிவிடுங்கள். குமட்டலுக்குப் பொரியோ வறுத்த கடலையோ பையில் வைத்திருக்கட்டும். மேல்மாடி வகுப்பாக இருந்தால், அவளை மட்டும் மாற்றாமல் அந்தப் பிரிவையே கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். யாரும் காரணம் தேட மாட்டார்கள். வேதியியல் ஆய்வகத்தில் ஆவி எழும் சோதனைகளின்போது அவள் குறிப்பெடுப்பவளாக இருக்கலாம். சீருடை இறுகத் தொடங்கும்போது தளர்வான சுடிதாரும் மேல் கோட்டும் தைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது ஆசிரியர் ஓய்வறை. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு அவளது அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதைத் தடைசெய்கிறது. ஆசிரியர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் அவள் பெயரோ வகுப்போ வந்தால் அது சில மணி நேரத்தில் ஊர் முழுக்கப் பரவும். விஷயம் தெரிந்தவர் மூவருக்கு மேல் இருக்க வேண்டியதில்லை: தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், அவள் நம்பும் ஆசிரியை. விடுப்புப் பதிவேட்டில் 'மருத்துவ விடுப்பு' என்று மட்டுமே எழுதுங்கள். மாணவிகளைக் கூட்டி ஒழுக்கத்தைப் பற்றிச் சொற்பொழிவு நடத்தும் ஆசை சில தலைமையாசிரியர்களுக்கு அந்த வாரத்தில் எழும். அதைத் தயவுசெய்து கைவிடுங்கள். முந்நூறு பேர் அமர்ந்திருக்கும் திடலில் அந்தச் சொற்கள் ஒருத்தியை மட்டுமே போய்ச் சேரும். வளரிளம் பருவம், உடல், சம்மதம் பற்றிய பாடங்கள் அவசியமானவைதான். அவற்றை ஆண்டு முழுதும், எல்லா வகுப்புக்கும் நடத்துங்கள்.

கடும் தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குதல், வலிப்பு, இரத்தப்போக்கு, பனிக்குடநீர் கசிதல், காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், வீட்டுக்குத் தகவல் சொல்லிக் காத்திருக்காமல் 108ஐ அழைத்துவிட்டு, பிறகு வீட்டுக்குச் சொல்லுங்கள்.

பேறுகாலமும் திரும்பி வருவதும்

பேறுகால விடுப்பு எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை எட்டாம் மாதத்திலேயே தாளில் எழுதி, பெற்றோரிடம் ஒரு படி கொடுங்கள். திரும்பி வரும் நாள் குறிக்கப்படாத விடுப்பு பெரும்பாலும் இடைநிற்றலில்தான் முடிகிறது. பொதுவாக ஆறு வாரம் ஓய்வு வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் மருத்துவர் சொல்லும்வரை. இந்த வாரங்களில் வாரம் ஒருமுறை ஒரு தோழியோ ஆசிரியையோ பாடக் குறிப்புகளுடன் வீட்டுக்குச் சென்று வர வேண்டும். பாடத்தைவிட, பள்ளி தன்னை எதிர்பார்க்கிறது என்ற செய்தியே முக்கியம்.

வீட்டுக்குப் போகும் ஆசிரியை சிலவற்றைக் கவனிக்கலாம். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைத்து, வெறும் ரசம் சோறும் சுட்ட கருவாடும் மட்டும் கொடுக்கிறார்களா? பாலூட்டும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு வளர்ச்சியே இன்னும் முடியவில்லை. முட்டை, கீரை, பருப்பு, மத்தி, நெத்திலி எல்லாம் வேண்டும். இரு வாரத்துக்கு மேலும் அழுதுகொண்டே இருக்கிறாளா, குழந்தையைப் பார்க்க மறுக்கிறாளா, செத்துப்போகலாம் என்று பேசுகிறாளா? அப்படியென்றால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். மனநல உதவிக்கான 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.

குழந்தையை வளர்க்க முடியாது என்று குடும்பம் சொன்னால், மருத்துவமனை வாசலில் தரகர் ஒருவர் முளைத்திருப்பார். அவரிடம் கொடுப்பது குற்றம். குழந்தைகள் நலக் குழுவின் முன் முறைப்படி ஒப்படைக்கலாம். அதன்பின் மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. இந்த அவகாசத்தைப் பற்றித் தாயான அந்தப் பெண்ணிடம் நேரடியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அவளைத் தவிர எல்லாரும் அவளுக்காக முடிவெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அவளே வளர்ப்பதென்றால், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பது படிப்புக்குத் தடையாக வேண்டியதில்லை. காலையில் புறப்படும்முன் பாலூட்டிவிட்டு, கையால் பீய்ச்சிய பாலைக் கொதிநீரில் கழுவிய மூடியுள்ள பாத்திரத்தில் வைத்துவிட்டு வரலாம். குளிர்ந்த இடத்தில் நான்கு மணி நேரம் வரை அது கெடாது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் அதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. பாட்டி பாலாடையால் புகட்டட்டும், புட்டி வேண்டாம். பள்ளியில் மதிய இடைவேளையில் பால் பீய்ச்சிக்கொள்ள உள்தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் கைகழுவ நீரும் சோப்பும் போதும். இதைச் செய்யாவிட்டால் மார்பு கட்டிக்கொண்டு, காய்ச்சலில் படுத்துவிடுவாள். வீடு அருகே இருந்தால் பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு இடைவேளையில் பள்ளிக்கே வரலாம்.

சான்றிதழ், உதவித்தொகை

பிறப்புச் சான்றிதழுக்குத் தந்தையின் பெயர் கட்டாயமில்லை. தாயின் உறுதிமொழிப் பத்திரம் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் தீர்ப்பளித்துள்ளது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்குப் பத்தொன்பது வயது நிறைந்திருக்க வேண்டும். மிகவும் தேவைப்படும் பெண்களையே அந்த விதி வெளியே நிறுத்திவிடுகிறது என்பது என் வருத்தம். ஆனால் விதி அதுதான் என்பதால் குடும்பத்துக்கு வீண் நம்பிக்கை தராதீர்கள். அதற்குப் பதிலாக, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். போக்சோ வழக்கில் இடைக்கால இழப்பீடு வழங்கவும் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அங்கன்வாடியில் தாய்க்கும், ஆறு மாதத்துக்குப் பின் குழந்தைக்கும் இணை உணவு கிடைக்கும்.

தேர்வு

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் இருப்பதால் அங்கு 75 விழுக்காடு வருகை வேண்டும். நோயின் காரணமாகக் குறைந்தால், மருத்துவச் சான்றுகளுடன் பள்ளி விண்ணப்பித்து விலக்குப் பெறலாம். தமிழகப் பாடத்திட்டத்திலும் மருத்துவச் சான்றுகளே கைகொடுக்கும். ஆகவே ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குச் சென்று வரும்போதும் சீட்டின் நகலை வாங்கிக் கோப்பில் சேர்த்துவையுங்கள். மார்ச் மாதத்தில் ஒருசேரத் தேடினால் கிடைக்காது.

தமிழகத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் 10 மணிக்குத் தொடங்கி 1.15க்கு முடிகின்றன. அதற்கு முன்பே மையத்தில் இருக்க வேண்டும் என்பதால், பாலூட்டும் தாய் ஏறத்தாழ நான்கு மணி நேரம் குழந்தையைப் பிரிந்திருக்க நேரும். கடைசி ஒரு மணி நேரத்தில் மார்பு கனத்து, பால் கசிந்து சட்டை நனையும். கவனம் எழுத்தில் நிற்காது. உள்ளே வைத்துக்கொள்ளச் சுத்தமான பருத்தித் துணி கொடுத்தனுப்புங்கள். மேலே கோட்டு இருக்கட்டும். மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் முந்தைய நாளே பேசி, பாட்டியும் குழந்தையும் வளாகத்துக்குள் நிழலில் இருக்க ஓரிடமும், 9.30க்கு ஒருமுறை பாலூட்ட ஓர் அறையும் கேளுங்கள். அறைக் கண்காணிப்பாளர் பெண்ணாக இருந்தால் அவளுக்குத் தயக்கம் குறையும். நாள் நெருங்கிய கர்ப்பிணியாக இருந்தால் தரைத்தள அறையைக் கேளுங்கள்.

பேறு தேர்வு நாட்களிலேயே வந்துவிட்டால் பதற வேண்டாம். எழுதிய தாள்கள் வீணாவதில்லை; தவறவிட்ட பாடங்களைத் துணைத் தேர்வில் எழுதலாம். அதற்கான விண்ணப்ப நாட்கள் முடிவு வெளியானதும் தொடங்கி விரைவிலேயே முடிந்துவிடும் என்பதால், அந்தத் தேதியை அவள் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லி, விண்ணப்பத்தை ஆசிரியையே உடனிருந்து பூர்த்தி செய்ய வேண்டும். உங்களால் இயன்ற அனைத்தும் செய்த பின்னும் அவளால் வகுப்புக்கு வர முடியவில்லை என்றால் மட்டும், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் சேர்க்கலாம். அங்கு ஒருமுறை பதிவுசெய்தால் ஐந்தாண்டுகளுக்குள் ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம். அப்போதும் மாற்றுச் சான்றிதழை, புதிய சேர்க்கை எண் கைக்கு வந்த பிறகே கொடுங்கள்.